டி டிரைவில் இருந்த இருபத்து நான்கு பேர்

போன மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வனிதா போன் செய்தாள். கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள்தான். அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் புதிய விண்டோஸைத் தாங்காதாம். எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று அரைமணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். போனை வைக்கப் போகிற நேரத்தில் சாதாரணமாக ஒன்று கேட்டாள். “டி டிரைவ்ல இருக்கிறது ஒண்ணும் ஆவாது இல்ல சார்?”

ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகிவிட்டது, பிரஷர் மாத்திரைகூட பாதியாகக் குறைந்திருக்கிறது. அப்படியும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “வனிதா, எதையும் தொடாதம்மா, நான் வந்துக்கினே இருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன். போய், எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுக்க வைத்துவிட்டுத்தான் டீ குடித்தேன். ஏன் சார் இவ்வளவு பயம் என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் ஊர் வடக்கனந்தல் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்புக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் அலுவலகம் மணலூர்பேட்டையிலிருந்து கல்வராயன் மலை வரைக்கும் இருக்கிற விடுதிகளையும் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் கவனித்துக்கொள்வது. சில வருஷம் கழித்துக் கம்ப்யூட்டர் வந்தது. டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று யாரோ முடிவு செய்து என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள், மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது நான் கம்ப்யூட்டர் சேகர் ஆகியிருந்தேன்.

அந்தக் காலத்தில் என் தொழில் முழுக்க ஒரு ரெக்சின் பைக்குள் அடங்கியிருந்தது. பை நிறைய சி.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நகல் போட்டு வாங்கியவை. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் சீரியல் நம்பர் எழுதியிருக்கும். சி.டி.யைப் போடுவேன், நெக்ஸ்ட் அமுக்குவேன், மறுபடி நெக்ஸ்ட், மறுபடி நெக்ஸ்ட், கடைசியில் பினிஷ். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள், விண்டோஸ் இருப்பது சி-யில். மெஷின் மக்கர் செய்தால் சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவேன். டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும். அதனால் ஊரில் எல்லோருமே முக்கியமானதை டி டிரைவில்தான் வைப்பார்கள். விடுதிப் பட்டியல், மகள் கல்யாணப் பத்திரிகை, பேரன் பிறந்தநாள் போட்டோ எல்லாம் அங்கேதான் கிடக்கும். “டி-ல இருக்கா? அப்ப கவலப்படாத” என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ கணக்கில்லை.

எனக்கு மேலே இருந்தவர் கண்காணிப்பாளர் ஸ்டெல்லா மேடம். களமருதூர்க்காரர். ஒல்லியாக, கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அவர் போனதே இல்லை. ஆனால் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு பட்டனை அமுக்குவதற்கு முன்னால் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்து, அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய சட்டம்.

“இன்னா போட்டிருக்கு, படிங்க.”

“வழக்கமா வர்றதுதான் மேடம்.”

“வழக்கமா வர்றத வழக்கமா படிங்க.”

திட்ட மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். நான் படிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை நாற்பது நிமிஷம் இழுக்கும். கேன்டீனில் நான் அவரைப் போல கண்ணாடியை இறக்கிவிட்டு நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் எனக்கு முதலில் அறிமுகமானது மணலூர்பேட்டை விடுதியில். ஏற்கனவே லினக்ஸ் போட்ட புது மெஷின் ஒன்று அங்கே வந்திருந்தது. பிரிண்டர் வேலை செய்யவில்லை, வந்து பாருங்கள் என்றார்கள். விடுதியில் இன்டர்நெட் கிடையாது. நானும் விண்டோஸ் பழக்கத்தில் பிரிண்டருக்கான ஒரே ஒரு ஃபைலை இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். மெஷினோ, இது மட்டும் வந்தால் போதாது, இன்னொன்றும் வேண்டும் என்று ஒரு பெயரைச் சொன்னது. மறுநாள் அதைக் கொண்டுபோனேன். அது வேறு இரண்டு பெயரைச் சொன்னது. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால், மச்சான் வராமல் நான் வர மாட்டேன் என்பாரே, அப்படி. நாலு நாள் பஸ்ஸில் அலைந்து கோபத்தில் வெந்து போனேன். கடைசியில் அலுவலகத்திலேயே அதே ரக மெஷின் ஒன்றில் இன்டர்நெட் கொடுத்துப் பிரிண்டரைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வரி தட்டினால் போதும், சொந்தபந்தம் எல்லாவற்றையும் அதுவே அழைத்து வந்துவிட்டது. வந்தவை எல்லாம் ஒரு மூலையில் ஃபோல்டராகச் சேர்ந்திருந்தன. அந்த ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்துக் கொண்டுபோனேன். கால் மணி நேரத்தில் பிரிண்டர் பேசியது.

அந்த வெற்றியால் தலைக்கனம் வந்தது. லினக்ஸும் நமக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அதுவரைக்கும் லினக்ஸில் சாஃப்ட்வேர்தான் போட்டிருந்தேன், லினக்ஸையே போட்டதில்லை.

வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கிற ஒரு உறைவிடப் பள்ளியில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் வைரஸ் வந்து நகர முடியாமல் கிடந்தது. லினக்ஸ் போட்டால் வைரஸ் தொல்லை இருக்காது என்று அலுவலகத்தில் நானே யோசனை சொல்லி, நானே கிளம்பினேன். அங்கே அஞ்சலை டீச்சர் இருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்து, கீழே படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். தற்காலிகப் பணி. அந்த வருஷம் பிளஸ் டூ எழுத வேண்டிய இருபத்து நான்கு பேருடைய சாதிச் சான்று, பிறப்புச் சான்று, பழைய மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒவ்வொரு கிராமமாக நடந்துபோய் வாங்கி வந்திருந்தார். பள்ளியில் ஸ்கேனர் இல்லை. காகிதத்தைச் சன்னல் ஓரத்தில் வைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கேமராவில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். அசலை உடனே வீடுகளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏனென்றால் பெற்றோர்கள் கேரளாவில் மிளகு எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், போகிறவர்கள் காகிதத்தையும் கூடவே கொண்டுபோவார்கள். நான் போன அன்றைக்குப் பாதி வீடுகளில் பூட்டு தொங்கியது. தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் சான்றுகளோடு தேர்வுத் துறைக்குப் போய்ச் சேர இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

“பசங்களோடது எல்லாம் டி-ல இருக்குது சார்” என்றார் டீச்சர்.

“அப்ப கவலப்படாதீங்க” என்றேன்.

லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைச் செருகினேன். மொழி கேட்டது, அமுக்கினேன். விசைப்பலகை கேட்டது, அமுக்கினேன். அடுத்து நாலைந்து வரியாக என்னவோ வந்தது, முதல் வரியைத் தேர்ந்தெடுத்ததாக ஏற்கனவே புள்ளி வைத்திருந்தது. அமுக்கினேன். நிச்சயமா என்று மறுபடி கேட்டது. நிச்சயமாக அமுக்கினேன். என் பின்னால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். மேடம் இல்லையே என்ற சுதந்திரத்தில் கை வேகமாக ஓடியது. இருபத்தைந்து நிமிஷத்தில் திரை பளிச்சென்று எழுந்து வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். “என்னோட டி எங்க சார்?”

தேடினேன். லினக்ஸில் சியும் இல்லை, டியும் இல்லை. திறந்த ஃபோல்டர் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. டிஸ்க் முழுவதையும் அழித்து அதன் மேல் எழுதச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து, நான் யோசிப்பதற்கு முன்னால், “டிஸ்க் கெட்டுப்போச்சு டீச்சர்” என்று வந்துவிட்டது.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும். அங்கே நின்று ஸ்டெல்லா மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டார். “மெஷின் இப்ப ஓடிக்கினு இருக்குதா?”

“ஓடுது மேடம்.”

“நிறுத்துங்க. ஓட ஓட அழிஞ்சது மேலயே எதுனா எழுதிக்கினே இருக்கும்னு நீங்கதான ஒருநாள் சொன்னீங்க. எடுத்துக்கினு கீழ வாங்க. டீச்சர்கிட்ட இன்னா சொன்னீங்க?”

“டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு.”

அதைக் கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டார். ரெண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஏறும்போது ஜன்னல் வழியாக மலையை ரசித்தவன், இறங்கும்போது எதையும் பார்க்கவில்லை. இருபத்து நான்கு பிள்ளைகள் ஒரு வருஷம் இழப்பார்கள். ஒரு வருஷம் இழந்தால் அதில் பாதிப் பேர் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பிப் பள்ளிக்கு வர மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மேடம் என் பின்னால் நாற்காலியைப் போட்டுவிட்டார். பெட்டியிலிருந்து டிஸ்கைக் கழற்றி என் விண்டோஸ் மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டினேன். மாட்டியதும் திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. என் விரல் தானாக என்டர் பக்கம் போனது.

“படிங்க.”

படித்தேன். இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் அழித்து ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. லினக்ஸ் எழுதியது விண்டோஸுக்குப் புரியாது, அதனால் காலி டிஸ்க் என்று நினைத்துவிட்டது. நான் கையை எடுத்து இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். மேடம் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

ரெக்சின் பையில், அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். அது டிஸ்கைத் தோண்டி, சின்னச் சின்னப் படமாக வரிசையில் காட்டியது. அதில் ஒன்று, காகிதமும் அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரலும். “இருக்குது மேடம்!” என்று கத்திவிட்டேன். சேமிக்கப் போனால் சீரியல் நம்பர் கேட்டது. இது சோதனைப் பதிப்பு, கண்ணால் பார்க்கலாம், கையில் எடுக்க முடியாது. அந்த சி.டி.யிலேயே பூட்டை உடைக்கிற திருட்டுச் சாவி ஒன்றும் உண்டு. அதை எடுத்தேன்.

“அது இன்னா?”

“நம்பர் போட்டுத் தரும் மேடம். கடையில குடுத்தது.”

“அது கூட வேற இன்னா வருதுன்னு தெரியுமா?”

தெரியாது. மலையில் இருந்த மெஷினுக்கு வைரஸ் வந்ததே, போன தடவை நான் அங்கே இதே பையைக் கொண்டுபோனதால்தான் என்ற சந்தேகம் எனக்கு ஏற்கனவே உண்டு. சி.டி.யைத் திரும்பப் பையில் வைத்தேன்.

அப்போதுதான் பென் டிரைவ் ஞாபகம் வந்தது. அதே லினக்ஸை டிஸ்கில் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே சும்மா ஓட்டிப் பார்க்கிற வசதி முதல் திரையிலேயே இருந்திருக்கிறது. மலையில் படிக்காமல் தாண்டிப் போன திரை அது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, அர்த்தம் சொல்லி, மேடம் தலையாட்டிய பிறகு அமுக்கினேன். இன்டர்நெட் வயரைச் செருகினேன். மீட்கிற சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வரி தட்டினேன். இன்னது வரும், இவ்வளவு இடம் பிடிக்கும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். இரண்டு நிமிஷத்தில் வந்து உட்கார்ந்தது. சீரியல் நம்பரும் கேட்கவில்லை, திருட்டுச் சாவியும் வேண்டியிருக்கவில்லை. கிடைப்பதை எல்லாம் இன்னொரு டிஸ்கில் போடச் சொல்லி ஓட விட்டோம்.

பதினொன்றரைக்கு, படங்களை அடையாளம் காட்ட வரச் சொல்லியிருந்த அஞ்சலை டீச்சர் மலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மீண்டு வந்த படங்களுக்குப் பெயரே இல்லை, வெறும் நம்பர். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. விண்டோஸோடு வந்த பூப்படம், யாரோ இறக்கி வைத்த நடிகர் படம், காலண்டர் சாமி, எல்லாம் கலந்து கிடந்தது. டீச்சர் கட்டைவிரலைத்தான் தேடினார். விரல் தெரிந்தால் நிறுத்துவார், பெயரைச் சொல்வார், மேடம் பட்டியலில் டிக் அடித்து பக்கத்து மெஷினில் டைப் செய்துகொள்வார். அந்த வயதில் அவர் டைப் அடித்த வேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு மணிக்குள் இருபத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

செல்வி என்கிற பெண்ணுடைய சாதிச் சான்று மட்டும் வரவில்லை. டிஸ்கில் இன்னும் கடைசிப் பகுதிதான் பாக்கி. நான் புதிதாக எழுதிய லினக்ஸ் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டதோ என்னவோ. செல்வியின் அப்பா அம்மா கேரளாவில் எந்த எஸ்டேட்டில் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர்தான் முதலில் பேசினார். “மேடம், இது என்னால ஆனதுன்னு எழுதிடுங்க. வேல போனா போவுது. புள்ளைய மட்டும் எழுத வுடணும்னு கேளுங்க.”

“ஒங்களால எப்படி?” என்றார் மேடம்.

“என்னாலதான் மேடம்” என்று மட்டும் சொன்னார்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. மெஷின் முன்னால் அத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அன்று உட்கார்ந்தது போல ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மூன்றரை மணிக்கு, ஓட்டம் முடிய ஒரு நூலிழை இருக்கும்போது, ஏழெட்டுப் படங்கள் சேர்ந்தாற்போல் வந்து விழுந்தன. நாலாவது படத்தில் கட்டைவிரல் தெரிந்தது. கீழே கொஞ்சம் சாய்ந்து, ஆனால் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் தெளிவாக, செல்வியின் சான்று. ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய், யாரும் இல்லாத இடத்தில், அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வார்த்தைக்கு அவ்வளவு கனம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பட்டியல் போய்ச் சேர்ந்தது. எந்தப் பெயரையும் திருப்பி அனுப்பவில்லை. அந்த வருஷம் இருபத்து நான்கு பேரும் பரீட்சை எழுதினார்கள்.

அன்று காலை பட்டியலை அனுப்பி முடித்ததும், இரவு கீழேயே தங்கிவிட்ட டீச்சரைப் பஸ் ஏற்றிவிட நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மலை பஸ் வர நேரம் இருந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னேன்.

“டீச்சர், டிஸ்க் கெடல. நான்தான் அழிச்சேன். படிக்காம அமுக்கிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல.”

“தெரியும் சார்.”

“மேடம் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. நீங்க அமுக்கும்போது நான் பின்னாலதான நின்னுக்கினு இருந்தேன். அழிச்சிடும்னு மொத வரிலயே போட்டிருந்துது. பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கறவ சார் நானு, எனக்குப் படிக்கத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் டீச்சர் ஒங்களாலன்னு சொன்னீங்க?”

“படிச்சேன் இல்ல சார். படிச்சும், கீழ இருந்து வந்த சாருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு வாய மூடிக்கினு நின்னேன். அது என்னுது இல்லாம யாருது?”

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். “அடுத்த தடவ வந்தீங்கன்னா, நான் படிக்கிறேன், நீங்க அமுக்குங்க” என்றார். சரி டீச்சர் என்றேன். பஸ் திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகு எனக்குப் பசித்தது. மூன்று நாளில் அதுதான் முதல் தடவை.